வெயில் இறைத்த தண்ணீர்

மோரித்தானியாவில் சஹாரா மணலுக்கு நடுவே கிடக்கிறது சிங்கெட்டி. ஒட்டக வணிகர்கள் தங்கிப்போன காலத்துச் சுவடிகளுக்குப் பேர்போன ஊர். 1973-இல் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை ஊருக்குத் தண்ணீர் இறைக்கத் தொடங்கியது.

கூரைத் தகடுகளுக்குள் ஓடும் தண்ணீர் வெயிலில் சூடாகும். கொதிக்கக்கூட வேண்டாம். நம் சமையல் காஸில் கலந்திருக்கும் பியூட்டேன் அந்தச் சூட்டுக்கே ஆவியாகி, பிஸ்டனைத் தள்ளி, பம்பை ஓட்டிவிடும். வேலை முடிந்த ஆவியைத் திரும்பத் திரவமாக்கக் குளிர்ச்சி வேண்டுமே, பாலைவனத்தில் அதற்கு எங்கே போவது? கிணற்றிலிருந்து ஏறிவரும் தண்ணீரே வழியில் அதைக் குளிர்வித்துவிட்டுத் தொட்டிக்குப் போனது. கீழே பிள்ளைகளுக்கு நிழல் இலவசம்!

வெயிலால் எஞ்சின் ஓட்டும் ஆசை பழையது. 1878 வாக்கில் பம்பாய் கொலாபாவில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து இரண்டரைக் குதிரைத்திறன் நீராவி எஞ்சினை ஓட்டிக் காட்டினார். 1913-இல் ஃபிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர் கெய்ரோவுக்குப் பக்கத்தில் மாஆதி என்ற ஊரில் வெயிலால் ஓடும் எஞ்சினைக் கொண்டு நைல் நீரை வயலுக்கு இறைத்தார். அடுத்த ஆண்டே உலகப்போர் வந்தது. பிறகு எண்ணெய் மலிந்தது. வெயிலை யாரும் சீண்டவில்லை.

செனகலின் டக்கார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆன்றி மாஸோனும், அவரோடு சேர்ந்த பொறியாளர் ழான்-பியேர் ஜிரார்தியேவும் 1960-களில் இதைத் திரும்பக் கையிலெடுத்தார்கள். கண்ணாடியால் குவிக்கும் வேலையை விட்டுவிட்டு, தட்டைத் தகடுகளின் இளஞ்சூட்டையே நம்பினார்கள். சிங்கெட்டிக் கூரை அவர்கள் வேலைதான். சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியின் வறட்சியும் 1973-இன் எண்ணெய் விலையேற்றமும் அவர்களுக்குச் சாதகமாக அமைந்தன. ஜிரார்தியேவின் சோஃப்ரெதெஸ் நிறுவனம் 1975-இல் மெக்சிகோவின் சான் லூயிஸ் தெ லா பாஸ் நகரத்துக்கே குடிநீர் இறைக்கும் நிலையம் அமைத்தது. பரப்பிய தகடுகள் 1,500 சதுர மீட்டர். கிடைத்த திறன் 30 கிலோவாட், அதாவது சுமார் 40 குதிரைத்திறன்.

அவ்வளவு இடத்துக்கு இது சொற்பம்தான். இளஞ்சூட்டை நம்பும் எஞ்சின், விழும் வெயிலில் பெரும்பகுதியை வீணாக்கியே தீரும். போதாக்குறைக்கு வால்வு, குழாய், வாயுக் கசிவு என்று பராமரிப்புத் தலைவலி வேறு. சோஃப்ரெதெஸ் செய்தது நல்ல பொறியியல். தனித்து நிற்கும் கிராமத்துக்கு அது பொருந்தவில்லை.

அதற்குள் சோலார் பேனல் வந்துவிட்டது. விண்வெளிக்கு மட்டுமே கட்டுப்படியான சிலிக்கான் செல்லை, 1970-களின் தொடக்கத்தில் எலியட் பெர்மன் என்பவர் வாட்டுக்கு சுமார் 20 டாலருக்கு இறக்கினார். 1977-இல் மாலியின் நபாஸோ கிராமத்தில், வறட்சியால் கிணறு வெட்டத் தொடங்கியிருந்த பாதிரியார் பெர்னார் வெர்ஸ்பியரன் பேனலில் ஓடும் பம்பை இறக்கினார். ஆவியாக எதுவும் இல்லை, கசியவும் இல்லை.

பேனல் ஓட்டும் வேலைகளில் தண்ணீர் இறைப்பதுதான் தோதானது என்பது என் கணிப்பு. விளக்குக்கு ராத்திரி பேட்டரி வேண்டும். தண்ணீருக்கு மேல்நிலைத் தொட்டி போதும். பகலெல்லாம் ஏற்றியதை ராத்திரி குழாயில் திறந்துகொள்ளலாம்.

அரிசோனாவில் ஷூச்சூலி என்ற செவ்விந்தியக் கிராமம் இதற்குச் சாட்சி. 1978 டிசம்பரில் நாசா அங்கே 3.5 கிலோவாட் பேனல்களை நிறுவியது. 15 குடும்பங்களுக்கு விளக்கு, ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின், தண்ணீர் பம்பு எல்லாம் அதில்தான். 1983-இல் மின்வாரியக் கம்பி ஊருக்குள் வந்தது. மற்றவை கம்பி மின்சாரத்துக்கு மாறின. பேனல்களைத் தண்ணீர் இறைப்பதற்கென்றே ஒதுக்கினார்கள்.