செல்ஃப் எடுக்காத கார்

விடியற்காலையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும் நேரத்தில், கொடைரோடு ஸ்டேஷன் வாசலில் அம்பாசடர் டாக்ஸிகள் வரிசை கட்டி நின்ற காலத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலைக்குப் போகிற சவாரி ஒன்று கிடைத்தால் அன்றைக்கு அடுப்பு எரியும். ரயில் வந்து, பெட்டிகளையும் ஏற்றி, டிரைவர் சாவியைத் திருப்பும்போது "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டால் போச்சு! "செல்ஃப் எடுக்கலை சார்" என்பார். பின்னால் நிற்கும் வண்டிக்காரர் சவாரியைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் பெரும்பாலும் அப்படி ஆகாது. பானெட்டைத் தூக்கி, பத்து நிமிடத்தில் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். பட்டறை இல்லை, மீட்டர் இல்லை. கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு ஈரத்துணி, அவ்வளவுதான். பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லாத மனிதர்களுக்கு இந்தத் திறமை எப்படி வந்தது? அந்தக் கார்களின் பிறப்பு வரலாற்றிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தபோது, நம் டிரைவர்கள் பேசிய கார் பாஷையில் பாதி எனக்குப் பழகிய சொற்களாக இருந்தன. கராஜ், கார்புரேட்டர் இரண்டும் பிரெஞ்சிலிருந்து வந்தவை. 'ஷோஃபர்' என்பதும் அப்படியே. பிரெஞ்சில் அதற்கு 'சூடேற்றுபவர்', அதாவது அடுப்பு மூட்டுகிறவர் என்று பொருள். கார் ஓட்டுகிறவருக்கு ஏன் இந்தப் பெயர்? நீராவி வண்டிகளில் முதலில் கொதிகலனுக்கு நெருப்பு மூட்ட வேண்டும். அடுத்து வந்த ஆரம்பகாலப் பெட்ரோல் கார்கள் சிலவற்றிலும் ஒரு சிறு குழாயைப் பர்னர் வைத்துச் செக்கச்செவேல் என்று காய்ச்சினால்தான் எஞ்சின் பற்றும். ஓட்டுவது பிறகு. முதல் வேலை பற்றவைப்பது.

ஸ்பார்க் பிளக்குக்கு பிரெஞ்சில் 'பூஜி' என்று பெயர். பூஜி என்றால் மெழுகுவர்த்தி. 1860-இல் பாரிஸில் எத்தியேன் லெனுவார் என்பவர் தம் வாயு எஞ்சினை மின்பொறியால் பற்றவைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1859-இல், கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் ஈயமும் அமிலமும் கொண்ட, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியைக் கண்டுபிடித்திருந்தார். இன்றைக்கும் நம் கார்களில் இருப்பது அந்தப் பேட்டரியின் வாரிசுதான். கார் என்ற ஒன்று பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே பேட்டரியும் பிளக்கும் பிறந்துவிட்டன.

பொறி கிடைத்தாலும் எஞ்சினைச் சுற்றிவிட ஆள் வேண்டுமே? அதற்குத்தான் முன்பக்கம் செருகிச் சுற்றும் ஹேண்டில். கேட்க எளிது, செய்ய ஆபத்து. பொறி முந்திக்கொண்டால் ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைக்கும். மணிக்கட்டு முறியும், தாடை பெயரும். அதனால்தான் பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், "கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற விரல்களோடு சேர்த்து வை, கீழே அமுக்காதே, மேலே இழு" என்பது. இந்த ஆபத்துக்கு அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் முடிவு கட்டினார். அவர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. நாம் 'செல்ஃப்' என்று செல்லமாகச் சொல்வது அந்த 'செல்ஃப் ஸ்டார்ட்டர்'தான். காயில், பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர் என்று பொறி உண்டாக்கும் ஏற்பாட்டுக்கும் அவர்தான் வழிகாட்டி.

இனி நம் ஊருக்கு வருவோம். 1875-இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தபோது நம் ஸ்டேஷனுக்கு அம்மையநாயக்கனூர் என்றுதான் பெயர். கொடைக்கானல் போகிறவர்கள் இங்கே இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் போய், அங்கிருந்து டோலியிலும் நாற்காலியிலும் மலையேறினார்கள். 1910-களில் மலைப்பாதை தயாரான பிறகு மோட்டார் வந்தது. அதே காலத்தில், 1911-இல், டி.வி. சுந்தரம் ஐயங்கார் தம் மோட்டார் தொழிலைத் தொடங்கினார். மதுரை டி.வி.எஸ். என்றால் தெரியாதவர் நம் பக்கம் யார்?

இரண்டாம் உலகப் போரில் 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம். அப்போது டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து அதில் வரும் வாயுவால் வண்டி ஓட்டும் 'கேஸ் பிளாண்ட்' செய்து கொடுத்தது. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய உருளை அடுப்பு. அதில் அடுப்புக்கரியைப் போட்டு, காற்றுச் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிக் கனல் ஏற்றி, நல்ல வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். வலுவும் பெட்ரோலில் இருப்பதைவிடக் குறைவு. ஏற்றத்தில் முக்கி முனகித்தான் ஏறும். போர்க்காலப் பிரான்சிலும் இதே கதைதான், அங்கே அதற்குக் 'கசோஜேன்' என்று பெயர். பாரிஸில் வழக்கொழிந்துபோன 'அடுப்பு மூட்டுகிறவர்' என்ற பொருள், மதுரைச் சாலைகளில் கரி அள்ளிப் போட்ட கிளீனர் பையன்களால் மறுபடி உண்மையானது.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் சாலைகளில் மூன்று கார்கள்தான் பெரும்பாலும் ஓடின. கல்கத்தா அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், பம்பாய் பிரீமியர் நிறுவனத்தின் ஃபியட், நம் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. புதுக்கார் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஒரு காரை இருபது, முப்பது வருடம் வைத்து ஓட்டினார்கள். 1961-இல் சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கி, ஸ்டார்ட்டரும் டைனமோவும் இங்கேயே செய்ய ஆரம்பித்தது பெரிய வசதி. இருந்தாலும் அம்பாசடரில் சாவியோடு ஹேண்டில் துவாரமும் இருந்தது. செல்ஃப் கைவிட்டால் கை இருக்கிறது!

இந்தக் கார்களின் பெரிய குணம், ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பது. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், நின்றுபோன கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுபோல, வரிசையாகப் போக வேண்டும். அனுபவசாலி டிரைவர்கள் கடைப்பிடித்த வரிசை இதுதான்.

முதலில் சுழற்சி. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். வெளிச்சம் மங்கி அணைந்துபோனால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறது. வெந்நீர் ஊற்றிக் கழுவிச் சுரண்டி இறுக்கினாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். வெளிச்சம் மங்காமல் அப்படியே நின்று, எஞ்சினும் அசையாவிட்டால் கோளாறு சுவிட்சிலோ செல்ஃபிலோ இருக்கிறது.

அடுத்தது பொறி. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பற்றவில்லையா? ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரில் மாட்டி, உடம்பை எஞ்சின் இரும்பில் படவைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். நீலப்பொறி 'சட் சட்' என்று வந்தால் சரி. வராவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அம்பாசடருக்குப் பதினைந்து தவ், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. மழைக்காலமானால் மூடியின் உள்பக்க ஈரத்தைத் துடைத்தாலே போதும்.

மூன்றாவது பெட்ரோல். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிச் சுற்றினால் பெட்ரோல் பீச்சியடிக்க வேண்டும். இந்தச் சோதனையையும் பொறிச் சோதனையையும் ஒன்றாகச் செய்யக்கூடாது. தீப்பிடித்துவிடும்.

சுழற்சி, பொறி, பெட்ரோல். இந்த மூன்றையும் தாண்டி நிற்கிற கோளாறு அபூர்வம்.

இதில் நம் கொடைரோட்டு டிரைவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் படிப்பு உண்டு. ஒரே வண்டி கீழே ஒரு காரணத்துக்கு நிற்கும், மேலே வேறொரு காரணத்துக்கு நிற்கும். சித்திரை வெயிலில் வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், வண்டி பற்றாது. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப்பால் ஆவியைத் தள்ள முடியாது. பம்ப்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிக் கால்மணி நேரம் விட்டால் சரியாகிவிடும்.

மேலே கொடைக்கானலில் கதை நேர் எதிர். இரவுக் குளிரில் பேட்டரியின் வலு குறையும், எஞ்சின் ஆயில் கெட்டிப்படும். அங்கே உயரம் ஏறக்குறைய ஏழாயிரம் அடி. காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைவதால் பெட்ரோல் தானாகவே மிஞ்சிப்போகிறது. இது தெரியாமல் சோக்கை இழுத்து இழுத்துவிட்டால் பிளக்கெல்லாம் நனைந்து ஒரேயடியாக மக்கர் பண்ணும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் இரவில் வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்திவைப்பார்கள். காலையில் இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை அமுக்கியபடி உருளவிட்டு, வேகம் வந்ததும் கிளட்சை விடுவார்கள். மலையே ஹேண்டில் போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் பேட்டரி அடியோடு செத்திருந்தால் உருட்டியும் பயனில்லை. காயிலுக்குக் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும்.

நான் பார்த்த அலுவலகங்களில் ஒன்றில் ஜீப்பின் லாக் புக்கும் ரிப்பேர் பில்களும் என் மேசைக்குத்தான் வரும். ஒரு முறை ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒரு பட்டறைக்குப் போனது. புது பேட்டரி, புது செல்ஃப் என்று எஸ்டிமேட் வந்தது. அலுவலக டிரைவர் ஓய்வுபெறும் வயதில் இருந்தவர். "கையெழுத்துப் போடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய், பாடியோடு சேரும் எர்த் ஒயரைக் கழற்றித் துருவைத் தேய்த்து மாட்டினார். ஜீப் கிளம்பிவிட்டது. அந்த எஸ்டிமேட் அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்குமேல் இருந்தது. வரிசை தெரிந்தவரிடம் யாரும் எளிதில் ஏமாற்றிப் பணம் பிடுங்க முடியாது என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றது. இன்றைய கார்களில் கார்புரேட்டர் இல்லை, பாயிண்ட் இல்லை, சோக் இல்லை. கம்ப்யூட்டரே உயரத்தையும் சூட்டையும் பார்த்துப் பெட்ரோலை அளந்து கொடுக்கிறது. கீழேயும் மேலேயும் ஒரே மாதிரி கிளம்புகிறது. இது நல்ல முன்னேற்றம், குறை சொல்ல மாட்டேன். மணிக்கட்டு முறிந்த காலம் திரும்பி வர வேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள். ஆனால் பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் சீமையில் நாம் அறிந்த சாவி, திறக்கும் அல்லது மூடும். இன்றைய காரின் சாவிக்குள் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. அதைக் கார் அடையாளம் காணாவிட்டால் எஞ்சின் எடுக்காது. ஏன் எடுக்கவில்லை என்று வண்டிக்காரரால் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்கேனர் வைத்திருப்பவர் வரவேண்டும்.

உங்கள் வீட்டு ஷெட்டில் இன்னும் ஓர் அம்பாசடரோ பத்மினியோ நின்றால், 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் அந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். கூடவே பேரப்பிள்ளைகளை நிறுத்திவைத்து, எது பேட்டரி, எது பிளக், எது பம்ப் என்று காட்டிக்கொடுங்கள். கற்றுக்கொடுக்கத் தெரிந்த கைகள் நம் பக்கத்தில் இன்னும் சில இருக்கின்றன. அவையும் ஓய்ந்துவிட்டால் பிறகு கேட்க ஆளிருக்காது.