வன்னி மரபு வீடு

இலங்கையின் முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பகுதியின் மரபு வீடு, குளத்துநீரை நம்பிய நெற்செய்கையாலும் காட்டைச் சார்ந்த வாழ்க்கையாலும் உருப்பெற்றது. அது ஒரே கூரையின்கீழ் அடங்கிய கட்டடமன்று. உறங்குவதற்கும் உடைமைகளை வைப்பதற்கும் உரிய அறை, விருந்தினரை வரவேற்கும் தலைவாசல் எனப்படும் திறந்த கொட்டில், தீயச்சத்தாலும் தூய்மை பற்றிய எண்ணத்தாலும் விலக்கி அமைக்கப்பட்ட அடுக்களை, மாட்டுப்பட்டி, கிணறு ஆகியன வேலி சூழ்ந்த ஒரு வளவுக்குள் பரந்திருந்த தொகுதியே வீடாகக் கொள்ளப்பட்டது. காட்டுத்தடிகளை வரிந்து மண் அப்பிய சுவரும், சாணம் மெழுகிய தரையும், கிடுகு எனும் பின்னிய தென்னோலையாலோ பனையோலையாலோ வேய்ந்த தாழ்வான கூரையும் வெயிலைத் தணித்தன. நெல்லைச் சேமிக்கும் கொம்பறை, தடிகளைப் பின்னி மண் பூசி, நிலத்து ஈரம் எட்டாதவாறு உயர்த்திக் கட்டப்பட்ட களஞ்சியமாகும். இப்பகுதிக் கட்டடக்கலையின் மிகத் தனித்துவமான கூறு இதுவே எனலாம்.

2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின், இப்பகுதியில் இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் பயனாளிகளே முன்னின்று ஏறத்தாழ 550 சதுர அடிக் கல்வீடுகளைக் கட்டினர். மாறாக, பின்னர் இலங்கை அரசு முன்வைத்த 65,000 உருக்கு வீடுகள், வெப்பமும் போதிய காற்றோட்டமின்மையும் விறகடுப்புக்கு இடமின்மையும் சுட்டிக்காட்டப்பட்டுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன.