தன் விடைத்தாளைத் தானே திருத்தும் தொண்டு நிறுவனங்கள்



எங்கேனும் வெள்ளமோ நிலநடுக்கமோ நிகழ்ந்தால் நம் தமிழ்ப்பள்ளிகளில் உண்டியல் வைத்து நிதி திரட்டுவது வழக்கம். "இந்தப் பணம் அங்கே போய்ச் சேருமா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆயினும் அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: போய்ச் சேர்ந்த பணம் நன்மை செய்ததா? அனைத்துலகத் தொண்டு நிறுவனங்கள் இக்கேள்வியைத் தங்களை நோக்கியே கேட்கும்படி நேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அதனை இங்குச் சுருக்கமாக எழுத முற்படுகிறேன்.

கோமா முகாம்கள்

1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் ஏறத்தாழ 8 இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் டுட்ஸி இனத்தவர். கொலைகளை நடத்திய ஹூட்டு அரசு ஜூலையில் வீழ்ந்தது. உடனே ஹூட்டு மக்கள் பல இலட்சம் பேர் சில நாள்களுக்குள் எல்லை தாண்டி, அன்று ஸயீர் என வழங்கிய இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசின் கோமா நகரை அடைந்தனர்.

அது எரிமலைப் பாறை நிலம். கழிப்பறைக்கோ புதைகுழிக்கோ தோண்ட முடியாத தரை. நல்ல நீரும் இல்லை. காலராவும் வயிற்றுக்கடுப்பும் பரவி, முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர். உலகெங்கும் தொலைக்காட்சிகள் அக்காட்சியைக் காட்டின. தொண்டு நிறுவனங்கள் திரண்டு வந்தன. அவற்றுள் அனுபவம் மிக்கவையும் இருந்தன. அனுபவமே இல்லாதவையும் இருந்தன.

அதனினும் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. படுகொலையை முன்னின்று நடத்திய தலைவர்களும் ஆயுதக் குழுவினரும் அதே முகாம்களில் தங்கியிருந்தனர். உணவுப் பங்கீடு பெரிதும் அவர்கள் கைவழியே நடந்தது. பசித்தவருக்கு அளித்த சோறு கொலைகாரரின் அதிகாரத்தையும் வளர்த்தது. 'எல்லையற்ற மருத்துவர்கள்' அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு இதனைப் பொறாது 1994 நவம்பரில் முகாம்களை விட்டு வெளியேறியது. மற்றவர்களோ, "நாம் போய்விட்டால் குழந்தைகளின் கதி என்ன?" என்று கேட்டுத் தங்கினர். இரு தரப்பிலும் நியாயம் இருந்ததை மறுக்க இயலாது.

கூட்டு மதிப்பீடு

இந்நிலையில் டென்மார்க் அரசின் முயற்சியால் ஒரு கூட்டு மதிப்பீடு தொடங்கிற்று. நிதி வழங்கும் நாடுகள், ஐ.நா. அமைப்புகள், தன்னார்வ நிறுவனங்கள் என 30க்கும் மேற்பட்ட தரப்பினர் அதன் வழிநடத்தும் குழுவில் இடம்பெற்றனர். உதவி செய்தவர்களே ஒன்றுகூடித் தங்கள் பணியை ஆராயச் செய்தனர். அதன் அறிக்கை 1996 மார்ச்சில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

அதன் தலையாய முடிவு இதுதான்: அரசியல் துணிவு வேண்டிய இடத்தில் மனிதநேய உதவி அதற்கு மாற்றாகாது. அமைதிப் படையின் தளபதி ரோமியோ டல்லேர் 1994 ஜனவரி 11ஆம் நாளிலேயே, ஆயுதங்கள் பதுக்கப்படுவதையும் கொலைத் திட்டத்தையும் பற்றி நியூயார்க்கிற்குத் தந்தி அனுப்பியிருந்தார். பதுக்கிடத்தைச் சோதனையிட அவர் எண்ணியதற்குத் தலைமையகம் இசையவில்லை. கொலைகள் நடந்துகொண்டிருந்தபொழுதே, ஏப்ரல் 21இல், படையை 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு மன்றம் முடிவு செய்தது. கொலையைத் தடுக்காத உலகம், பின்னர்ப் போர்வையும் மருந்தும் அனுப்பியது.

திருந்தியதும் திருந்தாததும்

அறிக்கை வீண்போகவில்லை. மதிப்பீட்டையும் கற்றலையும் வளர்க்க 1997இல் 'அல்னாப்' என்னும் கூட்டமைப்பு உருவாயிற்று. அதே ஆண்டில் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தன்னார்வ நிறுவனங்களும் சேர்ந்து 'ஸ்பியர்' திட்டத்தைத் தொடங்கின. 2000இல் வெளிவந்த அதன் கையேடு அளவுகோல்களை வகுத்தது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. தங்குமிடத்தில் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம். 2018இல் அதன் நான்காம் பதிப்பு வந்தது. "உதவினோம்" என்று மட்டும் சொல்லி நழுவ இனி இயலாது. எத்தனை லிட்டர் என்று சொல்ல வேண்டும். இது பெரும் முன்னேற்றமே.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னரும் கூட்டு மதிப்பீடு நடந்தது. நம் நாட்டிலும் பினாங்கு, கெடா முதலிய கடலோரங்களில் 68 உயிர்களைப் பறித்த பேரிடர் அது. 2006இல் வந்த அறிக்கை இரு உண்மைகளை உரைத்தது. முதல் நாள்களில் உயிர்களைக் காத்தோர் பெரும்பாலும் உள்ளூர் மக்களே. வெளிநாட்டுக் குழுக்கள் அல்லர். மேலும், ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டவருக்குத் தலைக்கு 7,100 அமெரிக்க டாலர் திரண்டது. அதே ஆண்டு வங்காளதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குத் திரண்டதோ தலைக்கு 3 டாலர். துன்பத்தின் அளவைப் பார்த்து உதவி செல்வதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆனால் எண்ணிக்கையில் அடங்காத பிழை என்னவாயிற்று? 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உறுதி தர இயலாது என இலங்கை அரசு அறிவித்ததும், ஐ.நா. தன் அனைத்துலகப் பணியாளர்களைக் கிளிநொச்சியிலிருந்து வெளியேற்றியது. வன்னித் தமிழ் மக்கள் போரின் நடுவே நின்றனர். 2009 மே மாதம் போர் முடிந்தது. இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் குறிப்பிட்டது.

அதன்பின் ஐ.நா. தன்னைத் தானே ஆராய்ந்தது. அக்குழுவின் தலைவர் சார்ல்ஸ் பெட்ரி, 1994இல் ருவாண்டாவில் ஐ.நா. பணியில் இருந்தவர். 2012 நவம்பரில் வெளிவந்த அவரது அறிக்கை, ஐ.நா.வின் அமைப்பே தவறியது என்றது. கொழும்பிலிருந்த மூத்த அதிகாரிகள் பலர், பொதுமக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பது தங்கள் பொறுப்பென்று கருதவில்லை. மாண்டோர் பற்றித் திரட்டிய எண்ணிக்கையும் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. வாய் திறந்தால் உதவி செய்யும் வாய்ப்பு போய்விடும் என்ற அச்சம் அவர்களைப் பிடித்திருந்தது. அந்த அறிக்கையிலும் சில பகுதிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டே வெளியாயின!

பாடம் கற்றதாகக் கூறி ஐ.நா. 2013இல் மனித உரிமைகளை முன்னிறுத்தும் திட்டம் ஒன்றை அறிவித்தது. எனினும், மியன்மாரில் ரோஹிங்யா மக்களுக்கு நேர்ந்தவற்றில் ஐ.நா.வின் பங்கை ஆராய்ந்த கெர்ட் ரோசந்தால், 2019இல் ஏறத்தாழ அதே குறைகளைத்தான் சுட்டினார்.

நாம் கேட்க வேண்டியவை

என் கருத்து இதுதான். லிட்டரும் சதுர மீட்டரும் அளக்கக்கூடியவை, ஆகவே திருந்தின. மௌனத்தை அளக்கும் கோல் இல்லை. ஆகவே அது மீண்டும் மீண்டும் வந்தது. ஒரு மாணவனிடம் அவன் விடைத்தாளையே திருத்தக் கொடுத்தால், கணக்குப் பிழையை நேர்மையாகச் சுழித்துவிடுவான். எழுதாமல் விட்ட கேள்வியைத்தான் கண்டும் காணாததுபோல் கடந்துபோவான். நிறுவனங்களும் மனிதர்களால் ஆனவையல்லவா?

இதனால் நிதி திரட்டுவதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ருவாண்டா அறிக்கையை எழுதியவர்களும் பெட்ரியும் அமைப்புகளின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னவர்கள். அவர்கள் போன்றோர் உள்ளவரை நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் காசு கொடுக்கும் நாம் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். அறிக்கையை எழுதியவர் யார்? உதவி பெற்ற மக்களின் குரல் அதில் உண்டா? அறிக்கை முழுமையாக வெளிவந்ததா?

படிநிலை இரண்டு மாணவர்களுக்கு இக்கேள்விகள் நன்கு விளங்கும். அடுத்த முறை வகுப்பில் உண்டியலை வைக்கும்பொழுது, இந்த மூன்றையும் வெண்பலகையில் எழுதிப் பாருங்கள்.