படமாளிகையில் பிள்ளைகள்



பிள்ளைகளைப் படம் பார்க்க அழைத்துச் செல்லும்போது நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரைகள் சில உண்டு. கூச்சல் போடாதே, முன் நாற்காலியை உதைக்காதே, நடைவழியில் ஓடாதே என்கிறோம். பிறருக்குத் தொல்லை நேரக்கூடாதே என்பதுதான் நம் எண்ணம். ஆயினும், இவற்றுள் ‘ஓடாதே’ என்பது வெறும் நாகரிகம் பற்றிய சொல் அன்று. உயிரைப் பற்றிய சொல். அதைப் புரிந்துகொள்ள இரண்டு நிகழ்ச்சிகளை நாம் நினைவுகூர வேண்டும்.

கனடாவின் மொன்றியால் நகரில் லாரியே பேலஸ் என்றொரு படமாளிகை இருந்தது. 1927ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அங்கே தீப்பிடித்தது. மாடியில் இருந்த பிள்ளைகள் கீழே இறங்க முண்டியடித்தனர். படிக்கட்டு ஒன்று அடைபட்டுப் போயிற்று. 78 பிள்ளைகள் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தீயால் அல்ல, மூச்சுத் திணறியே இறந்தனர்.

மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் ஸ்காட்லாந்தில் இன்னொரு துயரம் நிகழ்ந்தது. 1929ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், பெய்ஸ்லி நகரின் கிளென் படமாளிகையில் சிறுவர்களுக்கான பகல் காட்சி. அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையைச் சேர்ந்தவை. காட்டி முடித்த சுருள் ஒன்று தகரப் பெட்டிக்குள்ளேயே புகையத் தொடங்கியது. புகை அரங்கினுள் பரவியதும் பிள்ளைகள் வெளிவாயிலை நோக்கி ஓடினர். அங்கிருந்த இரும்புக் கதவு மூடிக் கிடந்தது. அது உட்புறமாகத் திறக்கும் கதவு. பின்னால் நெருக்கும் கூட்டம் அதைத் திறக்க விடுமா? 71 பிள்ளைகள் இறந்தனர். அரங்கினுள் தீ பரவவே இல்லை.

இப்பிள்ளைகளை ஒழுங்கற்றவர்கள் எனலாமா? கூடாது. புகையைக் கண்டால் ஓடுவது இயற்கை. அதை எதிர்பார்த்து ஆயத்தமாக இருப்பது பெரியவர்களின் கடமை.

க்யூபெக் மாநிலம் 1928இல், 16 வயது நிரம்பாதவர்கள் படமாளிகைக்கு வருவதையே தடை செய்தது. பிரிட்டன் வேறு வழியில் சென்றது. வாயில்கள் கூடுதலாக இருக்க வேண்டும், கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், தள்ளினாலே திறக்கும் தண்டு பொருத்த வேண்டும், பிள்ளைகளைக் கவனிக்கப் போதிய பணியாளர்கள் வேண்டும் என விதிகளைத் திருத்தியது. பிள்ளைகளை வெளியே நிறுத்துவதைவிட, அரங்கைத் திருத்துவதே மேலான வழி என்று நாம் கருதுகிறோம்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை அரங்கில் அமர்ந்ததும், வெளியேறும் வழி எது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவோம். நடைவழியில் பையோ காலோ நீட்டாதிருக்கச் சொல்வோம். ஆபத்து நேர்ந்தால் ஓடாமல், தள்ளாமல் வரிசையாக நடக்கப் பழக்குவோம். அவ்வழியை அடைக்காமல் வைத்திருக்கும் பொறுப்பைப் பெரியவர்களாகிய நாம் ஏற்போம்.