வென்றோர் மண்டபமும் தோற்றோர் மண்டபமும்: புவாவி கோத்திக் இல்லம், சென்னை விருந்து மண்டபம் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

அரண்மனைப் பூங்காவில் தனித்து நிற்கும் மண்டபம் கேளிக்கைக்கு உரியது என்றே பெரும்பாலும் கருதப்பெறுகிறது. ஆயினும் அதன் பாணி, எழுப்பியோரின் அரசியல் நிலையையும் உணர்த்தவல்லது. ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்த இரு மண்டபங்களின்வழி இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

புவாவி கோத்திக் இல்லம்

1795-இல் நிகழ்ந்த மூன்றாம் பிரிவினையால் போலந்து தனி நாடு என்னும் நிலையை இழந்தது. இளவரசி இசபெலா சார்டோரிஸ்கா தம் புவாவி அரண்மனைப் பூங்காவில் 1809-இல் கோத்திக் இல்லத்தைத் திறந்தார். அதனை வடிவமைத்தவர் கட்டடக்கலைஞர் ஐக்னர். இடைக்காலத்தை நினைவூட்டும் நியோ-கோத்திக் பாணியிலமைந்த அவ்வில்லம் அரும்பொருட் காப்பகமாயிற்று. லியொனார்டோ டா வின்சியின் ஓவியம் ஒன்றும் அங்கு இடம்பெற்றது. அரசை இழந்தோர் தம் வரலாற்றைப் பூங்கா மண்டபத்தில் காத்தனர் எனலாம். 1830–31 எழுச்சி ஒடுக்கப்பட்டபின் அத்தொகுப்பு பாரீசுக்குச் சென்றது.

சென்னை விருந்து மண்டபம்

சென்னை அரசினர் தோட்டத்தில், ஆளுநர் மாளிகையினின்று விலகித் தனித்தெழுந்த விருந்து மண்டபம் 1802-இல் திறக்கப்பட்டது. ஆளுநர் எட்வர்டு கிளைவ் காலத்தில் இதனை அமைத்தவர், கும்பனியின் வானியலாளரும் பொறியாளருமான ஜான் கோல்டிங்காம். கிரேக்கக் கோயிலை ஒத்த இம்மண்டபம், பிளாசி (1757), சீரங்கப்பட்டணம் (1799) வெற்றிகளின் நினைவாக எழுந்தது. பிளாசியில் வென்ற இராபர்ட் கிளைவ் ஆளுநரின் தந்தை. திப்பு சுல்தான் வீழ்ந்ததோ ஆளுநரின் பதவிக்காலத்தில். அண்டையிலிருந்த சேப்பாக்கம் அரண்மனையின் நவாபு 1801-இல் ஆட்சியுரிமை இழந்ததையும் இணைத்துநோக்கின், இம்மண்டபத்தின் நோக்கம் தெளிவாகும். தோற்றோர் இடைக்காலத்தை நாடினர். வென்றோர் தம்மைப் பண்டைய கிரேக்கத்தின் வழித்தோன்றல்களாகக் காட்டினர்.

பொருள் மாற்றம்

பாணி உணர்த்தும் பொருள் நிலையானதன்று. 1938, 1939ஆம் ஆண்டுகளில் மாகாணச் சட்டமன்றம் இங்குக் கூடியது. விடுதலைக்குப்பின் இது இராஜாஜி மண்டபம் எனப் பெயர்பெற்றது. 1969-இல் அண்ணா, 1987-இல் எம்.ஜி.ஆர்., 2016-இல் ஜெயலலிதா, 2018-இல் கருணாநிதி ஆகியோரின் உடல்கள் இதன் படிகளின்மேல் மக்கள் வணக்கத்திற்கு வைக்கப்பட்டன. வெற்றி விருந்துக்கெனக் கட்டப்பட்ட படிகள் மக்கள் துயரத்தின் மேடையாயின.

முடிவுரை

ஆளுநர் மாளிகை பின்னாளில் இடிக்கப்பட்டது. அவ்வளாகத்தில் 2010-இல் திறக்கப்பட்ட தலைமைச் செயலகக் கட்டடம் 2014-இல் மருத்துவமனையாயிற்று. மண்டபம் மட்டும் எஞ்சியது. மாளிகையும் தோட்டமுமின்றி நிற்கும் மண்டபத்தில் பூங்கா மண்டபம் என்னும் இயல்பு புலப்படுவதில்லை. எனவே மரபுக் கட்டடங்களைப் பேணுவோர் தனிக் கட்டடத்தை மட்டுமின்றி, அது பொருள்பெற்ற சூழலையும் கருத்திற்கொள்ளல் வேண்டும்.