தற்காலிகம் என்னும் நெடுங்காலம்

அரசாங்க அலுவலகங்களில் ‘தற்காலிக ஊழியர்’ என்ற பெயருடன் பல ஆண்டுகள் ஒரே மேஜையில் அமர்ந்து பணியாற்றியவர்களை நாம் அறிவோம். ஒரு சொல்லுக்கு அகராதி தரும் பொருள் ஒன்று. சட்டம் தரும் பொருள் மற்றொன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியேற்றச் சட்டத்தில் இச்சொல்லுக்கு இன்னும் விசித்திரமான வரலாறு உண்டு. தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் மக்கள் அந்நாட்டில் தொழில் நிபுணர்களாக இருப்பதால், அவ்வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

1952-ஆம் ஆண்டில், ஜனாதிபதி ட்ரூமன் ஒப்புதல் தர மறுத்த பின்னரும், அந்நாட்டுக் காங்கிரஸ் ஒரு குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. சிறந்த தகுதியும் திறமையும் வாய்ந்த அயல்நாட்டார், தற்காலிகமானதொரு வேலையைச் செய்வதற்காகத் தற்காலிகமாக வரலாம் என்று அச்சட்டம் இடமளித்தது. இவ்வகுப்புக்கு எச்-1 என்று பெயர். அப்போது வேலையும் தற்காலிகம், வந்தவரும் தற்காலிகம். 1970-ஆம் ஆண்டுத் திருத்தம், வேலை தற்காலிகமாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை இவ்வகுப்பினருக்கு நீக்கிவிட்டது. அதன்பின் நாற்காலி நிரந்தரமாகவும், அதில் அமர்பவர் மட்டும் தற்காலிகமாகவும் இருப்பது சாத்தியமாயிற்று. பின்னர் விளைந்தவற்றுக்கெல்லாம் இதுவே வித்து எனலாம்.

1990-ஆம் ஆண்டுச் சட்டம் எச்-1பி என்னும் இன்றைய வகுப்பை உண்டாக்கியது. ஆண்டுக்கு 65,000 பேர் என்றும், ஒருவர் தங்கக்கூடிய காலம் மொத்தம் 6 ஆண்டுகள் என்றும் வரம்புகள் விதிக்கப்பட்டன. வந்தவர் அங்கேயே நிலையாகக் குடியேற விரும்பினால், அவ்விருப்பம் ஒரு தடையாகாது என்றும் அச்சட்டம் கூறிற்று. ஆனால் வேலையின் அடிப்படையிலான நிரந்தரக் குடியிருப்பு அனுமதிகளை ஆண்டுக்குச் சுமார் 1,40,000 என்று அமைத்து, எந்த ஒரு நாட்டில் பிறந்தோரும் அவற்றில் பொதுவாக நூற்றுக்கு ஏழுக்கு மேல் பெறலாகாது என்றும் அதே சட்டம் வரையறுத்தது. பெரிய நாட்டுக்கும் சிறிய நாட்டுக்கும் அளவு ஒன்றே. கம்ப்யூட்டர்த் தொழில் பெருகவே, எச்-1பி வரம்பு 1999-இல் 1,15,000 ஆகவும், 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. வந்தவர்களில் இந்தியரே மற்றெந்நாட்டாரையும்விட அதிகம். முன்வாயில் விரிந்தது, உள்வாயில் விரியவில்லை. இடையிலே வரிசை நீண்டது.

ஆறாண்டு முடிந்தபின் வரிசையில் நிற்போரின் கதி என்ன? 2000-ஆம் ஆண்டில் ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு விடை கண்டது. நிரந்தர அனுமதிக்கான முதற்படிகள் உரிய காலத்தில் தொடங்கப்பட்டிருந்தால், ஆறாண்டுக்கு மேலும் ஓராண்டு ஓராண்டாகவும், நிறுவனத்தின் மனு ஏற்கப்பட்டு நாட்டு வரம்பினால் மட்டும் காத்திருப்பவருக்கு மும்மூன்று ஆண்டுகளாகவும் நீட்டிப்பு அளிக்கப்படலாம் என்றாயிற்று. இது பேருதவிதான். ஆயினும் தற்காலிகம் பத்தாண்டாகி, பதினைந்தாண்டாகி, பிறந்த குழந்தை கல்லூரி செல்லும் வரையிலும் தற்காலிகமாகவே நீள்வதற்கும் இதுவே வழி வகுத்தது.

இங்கே பலரும் ஒன்றெனக் கருதும் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா, எல்லைக்கு வந்து நுழைவு கோருவதற்கான சீட்டு. உள்ளே தங்கியிருக்கும் தகுதி வேறு. அதன் முடிவுத் தேதி ஐ-94 என்னும் நுழைவுப் பதிவில் இருக்கும். பாஸ்போர்ட் முன்னதாகக் காலாவதியாவதாயின், அத்தேதியோடு பதிவும் சுருக்கப்படுவதுண்டு. மனுவில் குறித்த நிறுவனத்தில், குறித்த வேலையை, குறித்த ஊதியத்துக்குக் குறையாமல் செய்துவருவதே தகுதியைக் காப்பது. தேதி முடியுமுன் அதே நிறுவனம் நீட்டிப்பு மனுவைத் தாக்கல் செய்துவிட்டால், முடிவு வரும்வரை 240 நாட்கள் வரையில் பணியைத் தொடரலாம். வேலை போய்விட்டால், 2017-இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி அதிகபட்சம் 60 நாட்கள் அவகாசம் உண்டு. தகுதிக்காலம் அதற்குள் முடிவதாயின் அதுவரைதான்.

தகுதி செவ்வனே இருந்தும் விசாச் சீட்டு காலாவதியாகியிருக்கலாம். அப்படிப்பட்டவர் அங்கேயே தங்கியிருப்பதில் தவறில்லை. ஆனால் தாயகம் வந்துவிட்டால், தூதரகத்தில் புதிய சீட்டுப் பெறாமல் பொதுவாகத் திரும்ப முடியாது. அந்நாட்டுக்குள்ளேயே சீட்டைப் புதுப்பிக்கும் வசதி 2004-இல் நிறுத்தப்பட்டது. 2024-இன் தொடக்கத்தில் 20,000 பேர் வரையில் ஒரு சோதனைத் திட்டம் மட்டும் நடந்தது. 2025 செப்டம்பரில் வெளியான ஜனாதிபதிப் பிரகடனம், வெளிநாட்டில் இருப்போருக்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. அதற்குள் அடங்காதவர்களும் ஊர் வர அஞ்சினர்.

தாயார் நோயுற்றிருக்கிறார் என்று கேட்டும் உடனே புறப்படாத மகனையும், தங்கையின் திருமணத்துக்கு வராத மகளையும் உறவினர் கடிந்துரைப்பதை நாம் கேட்டிருக்கிறோம். பாசம் வற்றிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அங்கே அடகில் இருப்பது ஒருவரின் வேலை மட்டுமன்று. வீடு, குழந்தைகளின் பள்ளி, பல ஆண்டுகள் நின்ற வரிசை ஆகிய யாவும் ஒரு தூதரக முத்திரையைச் சார்ந்து நிற்கின்றன.

தமிழகத்தை விட்டு வேறு மாநிலம் வந்த நாம் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. நாட்டின் எப்பகுதியிலும் சென்று வசிக்கும் உரிமையை நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கு அளித்திருக்கிறது. உரிமையால் வாழ்ந்து பழகிய நமக்கு, அனுமதியால் வாழ்பவரின் தயக்கம் எளிதில் விளங்குவதில்லை. ஆதலின், “எப்போது வருகிறாய்?” என்று கேட்குமுன், “பாஸ்போர்ட் எந்தத் தேதி வரை? விசா எந்தத் தேதி வரை? ஐ-94 எந்தத் தேதி வரை?” என்று கேட்டறிவோமாக. அம்மூன்று தேதிகளையும் அறிந்த பெற்றோர், பிள்ளையின் மௌனத்தைத் தவறாகப் பொருள் கொள்ளமாட்டார்கள்.