சாராயம், சட்டம், சுகாதாரம்: தென்னார்க்காட்டிலிருந்து சில குறிப்புகள்

மக்களின் உயிரையும் உடல்நலத்தையும் காக்க மாநில அரசு இன்னும் கடுமையான சட்டங்களைக் கொண்டுவர வேண்டும் என்கிற குரல் ஒவ்வொரு சாராயச் சாவுக்குப் பிறகும் எழுகிறது. சூடு ஆறுவதற்குள் சட்டமும் வந்துவிடுகிறது. 2024 ஜூன் மூன்றாம் வாரத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்கள். ஜூன் 29 அன்றே மதுவிலக்குச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. சாவு நேர்ந்தால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம். இத்தனை வேகத்தில் பிறக்கக்கூடிய ஒன்றைப் 'போதவில்லை' என்று எப்படிச் சொல்வது? கேள்வியையே மாற்றிப் போட வேண்டும் என்று நினைக்கிறேன். சட்டம் எந்த இடத்தில் அடர்த்தியாகக் குவிந்திருக்கிறது, எந்த இடத்தில் ஆளே இல்லாமல் கிடக்கிறது?

இதைத் திண்டிவனத்தில் இருந்துகொண்டு எழுதுகிறேன். இங்கிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் மரக்காணம். அதை ஒட்டிய மீனவக் குப்பமான எக்கியார்குப்பத்தில் 2023 மே 13 அன்று குடித்தவர்கள் அடுத்தடுத்த நாட்களில் விழுந்தார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் 14 பேர், பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் 8 பேர். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம், சிபிசிஐடி விசாரணை, குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் எனச் சடங்குகள் எல்லாம் முறைப்படி நடந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் குடித்தது கள்ளச்சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் விளக்கம் தந்தார். பத்திரிகைகளும் 'விஷச்சாராயம்' என்று எழுதத் தொடங்கின. கள்ளச்சாராயத்தை ஒழித்தாகிவிட்டது என்ற கதையாடலைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லப்பட்டதுதான். ஆனாலும் அந்த வாக்கியம் தன்னை அறியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது. செத்தது சாராயத்தால் அல்ல, ஒரு தொழிற்சாலை ரசாயனத்தால் என்றால், இது மதுவிலக்குப் பிரச்சினை மட்டும்தானா?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1886ஆம் ஆண்டு சென்னை அப்காரிச் சட்டம் வருவதற்கு முன்பும் ஜனங்கள் குடித்தார்கள். பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் இறக்கியது, வீட்டுப் புறக்கடையில் காய்ச்சியது. அப்காரி முறை செய்ததெல்லாம் இதுதான்: காய்ச்சும் உரிமையைக் குடியானவனிடமிருந்தும் ஊரிடமிருந்தும் பிடுங்கிக் குத்தகைதாரனிடமும் வடிசாலையிடமும் கொடுத்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். நம் தென்னார்க்காட்டிலேயே நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் கரும்பாலையும் வடிசாலையும் இருந்தன. 'கள்ள' என்ற முன்னொட்டு சாராயத்தோடு ஒட்டிக்கொண்டது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் ஊகம். அதன் பொருள் 'உடம்புக்குக் கெட்டது' என்பதல்ல, 'வரி கட்டாதது' என்பதே. ஒரு பானம் சட்டபூர்வமானதா இல்லையா என்பதை வருவாய்த்துறை தீர்மானித்தது, மருத்துவர் அல்ல. மாகாணத்தில் நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானமாக அது ஆயிற்று.

1937க்கும் 1939க்கும் இடைப்பட்ட இரண்டேகால் ஆண்டுகளை வரலாற்றாசிரியர்கள் ராஜாஜியின் கட்டாய இந்தியை வைத்தே அதிகம் பேசுகிறார்கள். அது சரிதான். ஆனால் அதே மந்திரிசபைதான் வேறு மூன்று சட்டங்களையும் செய்தது. 1937இல் மதுவிலக்குச் சட்டம், அக்டோபர் 1 முதல் சேலத்தில் அமல். கள்ளுக்கடை மூடியதால் போகும் வருமானத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி, இந்தியாவிலேயே முதலாவது. அதே 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். இதுவும் இந்த நாட்டில் முன்னோடிதான், டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார மந்திரியாக இருந்தபோது வந்தது. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், கொசு, திருவிழாக் கூட்டம், கெட்டுப்போன உணவு என ஒரு ஊரின் உடம்பை முழுசாக நினைத்துப் பார்த்த சட்டம் அது. உள்ளாட்சிகள் தம் வருமானத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கென ஒதுக்கியே தீர வேண்டும் என்றது. சுகாதார அதிகாரிக்கு ஒரு வீட்டின் கிணற்றை மூடச் சொல்லும் அதிகாரம் உண்டு.

மூன்று சட்டங்கள், ஒரே மந்திரிசபை, ஒரே மேசை. ஆனால் குடி என்ற விஷயம் சுகாதாரச் சட்டத்துக்குள் போகவில்லை. அது ஒழுக்கம், போலீஸ், வருமானம் என்ற மூன்று அறைகளுக்குள் அடைக்கப்பட்டது. மதுவிலக்குச் சட்டம் விற்பதை மட்டுமல்ல, குடிப்பதையும் குற்றமாக்கியது. அதற்குப் பிந்தைய வரலாறு முழுக்க இந்த அறைகளுக்கு இடையே கதவைத் திறந்து மூடிய கதைதான். போர்க்காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கைக் கைவிட்டது. 1948 அக்டோபர் 2இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் கருணாநிதி தள்ளிவைத்தார், 1974இல் திரும்பக் கொண்டுவந்தார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 1987இல் கள்ளும் சாராயமும் மட்டும் மூடப்பட்டன. 1990இல் மலிவு விலை மது, 1991இல் ஜெயலலிதா அதை ஒழித்தார், 2003இல் அவரே சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக்கிடம் கொடுத்தார். 2023-24இல் மதுவால் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். வேடிக்கை என்னவென்றால் அந்த 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் ரத்தாகவில்லை. அதன் கீழ் போட்ட விதிகளின்படிதான் டாஸ்மாக் பாட்டிலை விற்கிறது. துறையின் பெயரே 'மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை'.

இனி மெத்தனாலுக்கு வருவோம். தொழிலுக்குத் தேவையான ஆல்கஹாலுக்கு வரி போட்டால் முதலாளி கத்துவான். வரியில்லாமல் விட்டால் ஜனங்கள் அதை வாங்கிக் குடித்துவிடுவார்கள். இந்தச் சிக்கலை 1855இல் பிரிட்டன் தீர்த்துக்கொண்ட விதம், தொழில் ஆல்கஹாலில் மரத்திலிருந்து வடித்த மெத்தனாலைக் கலப்பது. 'மெத்திலேட்டட் ஸ்பிரிட்' வந்த கதை இது. எதைக் கலப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறியது, தர்க்கம் மாறவில்லை: வரியைக் காப்பாற்ற விஷம். அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்தில், 1920களின் பிற்பாதியில், அரசே இந்தக் கலவையின் விஷத்தன்மையைக் கூட்டியது. தெரிந்தே கூட்டியது, ஜனங்கள் செத்தார்கள். ஃபூக்கோ பேசுகிற, சிலரை வாழவைத்துச் சிலரைச் சாகவிடுகிற அதிகாரத்துக்குத் தத்துவ உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை, ஒரு ஸ்பிரிட் பாட்டிலே போதும்.

நம் அரசுக்கும் இது தெரியாததல்ல. 1959இல் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் செய்த விதிகளின் தலைப்பிலேயே குடிக்கத் தகாத ஸ்பிரிட், மீதைல் ஆல்கஹால், பிரெஞ்சு பாலிஷ் வார்னிஷ் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. மதுவிலக்கு இருந்த ஊரில் மனுசன் வார்னிஷையும் குடிப்பான் என்று எழுதி வைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1919ஆம் ஆண்டு விஷங்கள் சட்டம் வேறு இருக்கிறது. விஷத்தை யார் வைத்திருக்கலாம், யாருக்கு விற்கலாம் என்று விதி செய்யும் அதிகாரத்தை அது மாநில அரசுகளுக்குக் கொடுக்கிறது. ஆசிட் வீச்சு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு மாநிலங்களை அதட்டிய பிறகே ஆசிட் விற்பனைக்கு அந்தச் சட்டத்தைத் தூசி தட்டினார்கள். மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை, மத்தியில்தான் எல்லாம் என்று சொல்லவும் இடமில்லை. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மதுவும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன, விஷங்கள் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. எக்கியார்குப்பம் விசாரணை போய் நின்றது சென்னைப் பக்கத்து ரசாயனத் தொழிற்கூடம் ஒன்றில். குப்பத்தில் பாக்கெட் போட்டு விற்றவரைப் பிடிக்கக் கைவசம் பத்துச் சட்டம். டிரம் டிரம்மாக மெத்தனால் கணக்கை விட்டு வெளியேறும் வாசலில் நிற்க ஒரு குமாஸ்தா இல்லை.

சட்டம் அடர்த்தியாக இருக்கும் இடத்தைப் பார்க்க 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஊரில் 'குண்டாஸ்' என்று அழைக்கிறோம். ஆனால் அதன் முழுப் பெயரில் முதலில் வருவது குண்டர்கள் அல்ல, கள்ளச்சாராயக்காரர்கள். விசாரணையில்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். 'பொது ஒழுங்கு' கெடுவது என்றால் என்ன என்று அது தரும் விளக்கத்தில், உயிருக்கோ பொதுச் சுகாதாரத்துக்கோ பரவலான ஆபத்து என்ற சொற்கள் வருகின்றன. அதாவது தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரம் பல்லோடு இருப்பது தடுப்புக் காவல் சட்டத்துக்குள்தான். 1939 சட்டமோ பெரும்பாலான நேரம் தூங்குகிறது. 2020 செப்டம்பரில் கொரோனாவுக்காக அதை எழுப்பினார்கள். எழுந்ததும் என்ன செய்தது? முகக்கவசம் போடாதவனுக்கு 200 ரூபாய், எச்சில் துப்பியவனுக்கு 500 ரூபாய் ரசீது கிழித்தது.

இந்த வேறுபாடு உயிர் விஷயத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். மெத்தனால் உடனே கொல்வதில்லை. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்று, ரத்தத்தை அமிலமாக்கப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டால் எத்தனால் கொடுத்தோ ஃபோமெபிசோல் கொடுத்தோ டயாலிசிஸ் செய்தோ பலரைக் காப்பாற்ற முடியும். காலரா என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் சுகாதார அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும். அவர் தெருத்தெருவாக ஆளை அனுப்புவார். விஷம் என்று வந்தால் தகவல் போவது போலீஸ் அவுட்போஸ்டுக்கு. கேசு ஆகும் என்ற பயத்தில் ஒருவன் வயிற்றுவலி என்று படுத்துக்கிடக்கும் அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் சட்டம் அவனுக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. கள்ளக்குறிச்சியில் மாவட்ட நிர்வாகமே முதலில் அதைச் சாராயச் சாவு என்று ஒப்பவில்லை. ஒப்புக்கொண்டால் குற்றம் நடந்ததாக ஆகிவிடும், போலீஸ் தோற்றதாக ஆகிவிடும். தொற்றுநோய் என்று நினைத்திருந்தால் அன்றைக்கே தண்டோரா போட்டிருப்பார்கள்.

'குடிச்சான், செத்தான், இவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?' டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம்வரை இரண்டு முறையும் இதைக் கேட்டோம். எக்கியார்குப்பம் மீனவர் குப்பம். கருணாபுரத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், கூலிக்காரர்கள். எந்த உடல் பாதுகாக்கத் தகுதியானது என்பதைச் சாதி ஏற்கனவே தீர்மானித்துவிட்ட சமூகத்தில், ஒழுக்கம் என்பது அந்தத் தீர்ப்பின் நாகரிகமான மொழிபெயர்ப்பு. அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவுகூட மக்களின் ஊட்டத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமை என்று ஆரம்பித்து, அதே மூச்சில் மதுவிலக்குக்குத் தாவுகிறது. காந்தியவாதிகளுக்கு அந்தப் பாதி மட்டும் நினைவிருக்கிறது.

நண்பர்கள் சிலர் இங்கே குறுக்கிடுவார்கள். எல்லாச் சட்டமும் கண்காணிப்புத்தான், சுகாதாரம் என்பதே உடல்களை ஒழுங்குபடுத்தும் உத்தி, இன்னொரு சட்டம் கேட்பது அதிகாரத்துக்கு இன்னொரு தடி கொடுப்பது என்று. இந்தத் திண்டிவனத்தில் அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. 1993இல் அத்தியூர் இருளர் பெண்ணுக்குப் புதுச்சேரிப் போலீசார் செய்த கொடுமையை எதிர்த்த போராட்டத்திலிருந்து பேராசிரியர் கல்யாணியும் தோழர்களும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டியது இங்குதான். 2011இல் திருக்கோவிலூர் பக்கம் மண்டபத்தில் நான்கு இருளர் பெண்கள் போலீசார் மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார்கள். திருட்டு கேசு விசாரணை என்று கூட்டிப்போனதில் நடந்தது அது. 2024 திருத்தம் கூட்டிக் கொடுத்திருக்கும் அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த நண்பர்களின் வாதம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. சட்டம் இல்லாத இடம் சுதந்திரமான இடம் அல்ல. மெத்தனால் கிடங்கில் சட்டம் இல்லாதது முதலாளிக்கு அரசு கொடுத்த சலுகை. அதற்கான விலையைக் குப்பத்தில் வசூலிக்கிறார்கள். 1992இல் நெல்லூர் தூபகுண்டாவில் பெண்கள் சாராயக்கடையை மூடச் சொல்லி எழுந்தபோது அவர்கள் ஒழுக்கம் பேசவில்லை. கூலிப் பணம், அடி உதை, பிள்ளைகளின் சோறு பற்றிப் பேசினார்கள். அடுத்த ஆண்டு ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. கீழிருந்து கேட்கப்படும் சட்டத்துக்கும் மேலிருந்து இறங்கும் சட்டத்துக்கும் முகம் வேறு.

2012 செப்டம்பரில் செக் நாட்டில் மெத்தனால் கலந்த மது கடைகளுக்குள் நுழைந்து சாவு தொடங்கியபோது, 20 சதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எந்த மதுவையும் நாடு முழுக்க விற்கக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. உத்தரவைப் போட்டது சுகாதார அமைச்சகம். அங்கும் ஆட்கள் சிறைக்குப் போனார்கள்தான், ஆனால் முதல் கை நீண்டது பாட்டிலை நோக்கி.

நாம் கேட்க வேண்டியதை இந்த அளவுக்குச் சுருக்கலாம். மெத்தனால் உற்பத்தி, இருப்பு, போக்குவரத்து, கடைசி லிட்டர் வரை கணக்கு. குறைந்தால் ஆலை உரிமையாளர் பொறுப்பு. மெத்தனால் நஞ்சு என்று சந்தேகம் வந்தால் காலராவுக்குப் போலவே சுகாதார அதிகாரிக்கு உடனடித் தகவல், ஊரில் அறிவிப்பு, ஆஸ்பத்திரிக்கு வருகிறவன்மேல் குடித்ததற்காகக் கேசு இல்லை என்ற எழுத்துபூர்வ உறுதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முறிமருந்து. இதற்கெல்லாம் புதிய குற்றவியல் பிரிவு ஒன்றுகூட வேண்டாம், 1939 சட்டத்தில் ஓர் அத்தியாயம் சேர்த்தால் போதும்.

கள்ளக்குறிச்சி வழக்கு 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற உத்தரவால் சிபிஐக்குப் போனது. நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையமும் போடப்பட்டது. மரக்காணத்திலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குச் சுமார் அறுபது கிலோமீட்டர். மாநில எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போனால் அதில் ஏறக்குறையப் பாதித் தூரம்தான். லைசென்சு வாங்கிய சாராயக்கடையும் அங்கே இருக்கிறது, ஜிப்மரும் அங்கே இருக்கிறது.